ஆறரை மணி வெந்நீர்

எங்கள் தெருவில் யார் எத்தனை மணிக்குக் குளிப்பது என்பதைக் கடவுளே நினைத்தாலும் மாற்ற முடியாது. அந்த அதிகாரம் முழுக்க ஒரு லைன்மேனிடம் இருந்தது. அவருடைய நிஜப் பெயர் ஆபீஸ் ரிஜிஸ்டருக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் வெந்நீர்க்காரர்.

எண்பதுகளின் தொடக்கம். நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் டைப்பிஸ்ட். தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு என் தாத்தா வயது இருக்கும். மார்கழிக் குளிரில் காலை ஆறு மணிக்கு அத்தனை வீட்டிலும் ஒரே சமயத்தில் ஹீட்டர் போடுவார்கள். ஆறு அடித்து ஒரு நிமிஷத்தில் பியூஸ் போய்விடும். தலைக்குச் சீயக்காய் தேய்த்த கோலத்தில் தெருவே வாசலுக்கு வந்து அவரைத் திட்டும். அவர் கம்பத்தில் ஏறுவார்.

ஒரு நாள் ஏறி இறங்கியவர், தன் வீட்டு வாசலில் ஒரு பலகையை மாட்டினார். வீட்டுக்கு ஓர் ஆணி. ஆணிக்கு ஆணி நூல். நூலில் கோத்த பீன்ஸ் கொட்டைகள். வெள்ளைக் கொட்டை என்றால் பல்பு மாதிரிக் காத்திருக்க முடியாத கரண்ட். சிவப்புக் கொட்டை என்றால் காத்திருக்கக்கூடிய கரண்ட். ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, மாவாட்டும் மெஷின் எல்லாம் சிவப்பு. அரை மணிக்கு ஐந்து சிவப்புதான் டிரான்ஸ்பார்மர் தாங்கும் என்பது அவர் கணக்கு. பிறகு நோட்டோடு வீடு வீடாக வந்தார்.

"தம்பி, நீங்க ஆறரைக்குக் குளிச்சா குடி முழுகிப்போயிருமா?"

"எட்டரைக்குத்தாங்க ஆபீஸ்."

"அப்ப ஆறரை உங்களுக்கு. பிந்தினாலும் முந்தினாலும் நான் வந்து நிப்பேன்."

நிஜமாகவே வந்து நிற்பார். யார் வீட்டுக் குளியலறை ஜன்னலில் தப்பான நேரத்தில் ஆவி வருகிறது என்று பார்த்துக்கொண்டே போவார். புதுமாப்பிள்ளை ஒருவர் ஐந்தே முக்காலுக்கு ஹீட்டர் போட்டுவிட்டு, அதற்குள் எட்டு வீடு தாண்டி வந்துவிட்ட வெந்நீர்க்காரரிடம் துண்டோடு மன்னிப்புக் கேட்டார். கீழேயிருந்து வந்த பெரிய என்ஜினீயர் பலகையைப் பார்த்து, "என்னய்யா இது, பல்லாங்குழியா?" என்றார்.

"இல்லீங்க சார். இந்தத் தெருவோட கரண்டு."

என்ஜினீயர் சிரித்துவிட்டுப் போனார். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அதன் பிறகு பியூஸ் ஒரு தடவைகூடப் போகவில்லை.

பலகையின் ஓரத்தில் தனியாக ஒரு பச்சை ஆணி இருந்தது. தெருவுக்குக் கீழே ஓடையை ஒட்டிய பங்களாவில், தண்ணீரில் சுற்றும் சக்கரம் ஒன்று சொந்தமாகக் கரண்ட் தயாரித்தது. காவல்காரர் சவரிமுத்துதான் அதற்கு எஜமான். "அது எதுக்குங்க நம்ம பலகையில?" என்று கேட்டேன்.

"கெடக்கட்டும் தம்பி. கரண்டு மேல இருந்துதான் வரணும்னு சட்டமா?"

மறு வருஷம் மார்கழிப் புயலில் அதற்குப் பதில் கிடைத்தது. வடகவுஞ்சிப் பக்கம் மரம் விழுந்து மலைக்கு வரும் லைனே அறுந்துவிட்டது. எல்லாரும் கம்பளிக்குள் சுருண்டோம். பார்வதியக்காவுக்கு மட்டும் அது முடியவில்லை. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். பல்பு வைத்த மரப்பெட்டியில் முட்டை வைத்துக் குஞ்சு பொரித்து விற்றுத்தான் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது. அன்று முட்டைகளுக்கு இருபதாம் நாள். இன்னும் ஒரு நாள் சூடு வேண்டும்.

வெந்நீர்க்காரர் வெள்ளனே கிளம்பிப் போய் டிரான்ஸ்பார்மர் பியூஸைப் பிடுங்கித் தெருவைத் தனியாகப் பிரித்தார். பங்களாச் சக்கரத்தின் கரண்டைத் தெருவுக்குத் திருப்பினார். வீட்டுக்கு ஒரு பல்பு, முட்டைப் பெட்டி, அவ்வளவுதான் அது தாங்கும். ஹீட்டர் போடக் கூடாதென்று எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தார். என் வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறார். நான் தூக்கத்திலேயே "சரிங்க" என்றிருக்கிறேன்.

ஆறரை மணிக்கு எழுந்தேன். பல்பு எரிந்தது. அனிச்சையாக ஹீட்டரைப் போட்டேன். பல்பு முழித்து முழித்துப் பார்த்து அணைந்தது. கீழே சக்கரத்தின் பெல்ட் கழன்று விழுந்த சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

"ஐயோ, பெட்டி ஆறுதுங்களே" என்று பார்வதியக்கா அழுகிற குரல். அடுத்த நிமிஷம் வெந்நீர்க்காரர் என் வாசலில்.

"ஏலே, என்ன சோலி பாத்திருக்க?"

"ஆறரைங்க. என் நேரம்."

அவர் போட்ட அட்டவணையை ஒழுங்காகப் பின்பற்றியவனை அவர் எப்படித் திட்டுவார்?

"கம்பளியைக் குடு. வெரசா."

தெருவிலிருந்த கம்பளியெல்லாம் பெட்டி மேல் ஏறியது. முதலில் போர்த்தியது அவருடையது. சவரிமுத்து வழுக்கும் பாறையில் இறங்கிப் பெல்ட்டை மாட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் அந்த முக்கால் மணி நேரமும் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். மறுநாள் மத்தியானம் ஓடு விரிந்து முதல் குஞ்சு கத்தியது. பார்வதியக்கா என் கையில் அதை வைத்து, "ஒங்களுக்குப் பயந்துதான் தம்பி சீக்கிரமா வெளிய வந்துருச்சு" என்றார்.

லைன் சரியான பிறகு, ஒரு காலையில் வெந்நீர்க்காரரின் கம்பளியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் பின்பக்கம் தொட்டியடியில் குளித்துக்கொண்டிருந்தார். பல் கிடுகிடுக்கும் சத்தம் வாசலுக்கே கேட்டது. பலகையைப் பார்த்தேன். நாங்கள் எல்லாரும் எப்போதும் அவரவர் ஆணியை மட்டும்தான் பார்ப்போம். அன்றைக்குத்தான் அவர் வீட்டு ஆணியைத் தேடினேன். அதில் ஒரு வெள்ளைக் கொட்டை மட்டும் இருந்தது.

"உங்களுக்குச் செவப்பு எங்கண்ணே?"

"எடம் இல்ல தம்பி. எல்லா அரை மணிக்கும் அஞ்சு அஞ்சா ஆயிப்போச்சு."

என் ஆணியிலிருந்த ஆறரை மணிச் சிவப்புக் கொட்டையைக் கழற்றி அவர் ஆணியில் மாட்டினேன். கூடாது என்று அவர் சொல்வதற்குள் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

இப்போது மதுரையில் இருக்கிறேன். வெந்நீரே தேவைப்படாத ஊர். அவரும் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. ஆனாலும் காலையில் ஆறரை மணிக்கு மட்டும் நான் குளிக்கப் போவதில்லை. அது அவருடைய நேரம்.