என் சவர மெஷினும் உன் மகளின் கிட்டாரும்

தம்பியின் காதைத் திருகும் உரிமையை இன்றுவரை விட்டுக்கொடுக்காத அக்காவுக்கு, பாதித் தாடியோடு தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். என் சவர மெஷின்தான் நலமாக இல்லை.

என் வீட்டில் வந்து தங்கியிருக்கும் உன் மகளுக்குப் புத்தி சொல்லி, கிட்டாரைப் பரணில் ஏற்றி, அவளைப் பெட்டியோடு வண்டியேற்றும்படி எழுதியிருந்தாய். சனிக்கிழமை அவள் கச்சேரிக்கு வரவே மாட்டேன் என்பதற்குக் கீழே நீ போட்ட கோடு, காகிதத்தைக் கிழித்துக்கொண்டு என் மேசையிலும் விழுந்திருக்கிறது. ஆணையைத் தலைமேல் தாங்கி அன்றைக்கே படையெடுத்தேன். முதல் களப்பலி சவர மெஷின். ஒரு கன்னம் முடிந்து முகம் கழுவித் திரும்புவதற்குள் காணோம். தேடிப் போனால் அது கிட்டார் கம்பிகளுக்கு மேலே ஆயிரம் வண்டுகள் வழக்காடுவதுபோல் ரீங்காரம் போடுகிறது. கொஞ்சம் பொறுங்க மாமா என்றாள். நான் பொறுத்தேன், இன்னொரு கன்னம் இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்து டி.வி. ரிமோட் போனது, அதைக் கிட்டார் பக்கத்தில் அமுக்கினால் ஸ்பீக்கருக்குள் தவளை கத்துகிறது. கம்பிகளுக்கு அடியில் கரண்டியைச் செருகி, காலால் ஒரு பெடலை மிதித்தாளோ இல்லையோ, மாடி வீட்டு ரிட்டயர்டு இன்ஜினியர் கட்டடம் இடிகிறதென்று பாஸ்போர்ட்டும் தலையணையுமாக இறங்கி வந்துவிட்டார்.

இதற்குமேல் தாங்காது, இன்றைக்கு ஒரு பிடி பிடித்துவிடலாமென்று நேற்றுச் சாயங்காலம் சமையலறையில் நின்று, டாக்டர் தொடக்கூடாதென்ற இனிப்பைத் தின்று தைரியம் ஏற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் உன் தையல் மெஷின் ஓடுகிற சத்தம். கடகடவென்று நீளமாக ஓடி, மூலை வந்ததும் நின்று, நீ துணியைத் திருப்புகிற நேரம் பேசாமலிருந்து, பிறகு மெதுவாக. உலகத்தில் வேறு யார் அப்படித் தைக்கிறார்கள்? உளவறிந்து மெஷினோடு வந்தேவிட்டாய் என்று இனிப்பை முழுசாக விழுங்கி, சட்டையைத் தலைகீழாக மாட்டி, வா அக்கா என்று பல்லைக் காட்டிக்கொண்டு ஓடினால், நீ இல்லை. உன் மகள் கிட்டாரை மடியில் படுக்கவைத்து, பாலை நுரைக்கவைக்கிற கை மெஷினின் நுனியில் ஷாம்பு பாட்டில் துண்டைக் கட்டிச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"தையல் கடையில அம்மா தைக்கிறப்போ அந்த மேசைக்கு அடியிலதான் தூங்குவேன்னு சொல்லியிருப்பாங்களே மாமா. சத்தம் நின்னாத்தான் முழிப்பேன்," என்றாள். அப்படியானால் அம்மாவை ஒரு வார்த்தை நீயே கூப்பிடேன் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "கூப்பிட்டா வர மாட்டாங்க. இந்தச் சத்தத்தைக் கேட்டா வருவாங்க," என்றாள். புத்தி சொல்வதை விட்டுவிட்டு, டப்பாவிலிருந்து இன்னொரு இனிப்பை எடுத்து அவளுக்குப் பாதி கொடுத்தேன்.

கவலைப்படாதே, நான் என்றைக்கும் உன் கட்சிதான். கச்சேரி முடிந்த கையோடு பெட்டியும் ஆளுமாக அனுப்பிவிடுகிறேன். முன்வரிசையில் ஒரு நாற்காலியை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறாள், யாருக்கென்று நான் கேட்கவில்லை.

உன் முதுகுவலி குறையவும், உன் ஊசி மழுங்காதிருக்கவும் வேண்டும்,
தம்பி.

பின்குறிப்பு: மேலே சொன்ன படையெடுப்பு எதையும் நம்பாதே. சனிக்கிழமை மேடையில் அவளுக்குப் பக்கத்தில் ஹேர் டிரையர் வாசிக்கப்போவது நான்தான். பாதித் தாடி மேடைக்கு எடுப்பாக இருக்கிறதாம். தைத்து முடித்ததும் நீ நூலைப் பல்லால் கடிப்பாயே, அந்தச் சத்தம் மட்டும் எந்த மெஷினிலும் வரவில்லை என்று முகம் வாடிக் கிடக்கிறாள். நீயே வந்து கடித்துக்கொடு.