படிக்கட்டில் பாடிய டும்டும் அண்ணை

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன், இடையில் பெயர்களும் மறந்துபோகும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். முப்பது வருடமாக மேடை மேடையாக ஏறி, ஒரு சொல்லைக்கூடப் பாடாத பாடகர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் டும்டும் அண்ணை. ஸ்டுட்கார்ட்டில் நான் இருக்கும் கட்டடத்தில், எனக்கு மேல்மாடியில் இருக்கிறார்.

வயதில் எனக்கு இளையவர். ஆனாலும் எல்லாரும் அண்ணை என்பதால் எனக்கும் அப்படியே வந்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் அவருடைய மனைவி தேவிக்கே யோசித்தால்தான் வரும்.

ஜெர்மனிக்கு வந்த புதிதில் அவர் அமெரிக்கப் படைமுகாமுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார். கழுவுகிற மெஷின் ‘உம்ம்’ என்று இரையும். அலுப்புத் தெரியாமல் இருக்க இவரும் அதோடு சேர்ந்து இரைவார். அந்தக் கடைக்கு வரும் சிப்பாய்கள் சிலர் சேர்ந்து டூவாப் பாடுவார்கள். டூவாப் என்றால் வேறொன்றுமில்லை. ஒருவர் முன்னால் நின்று காதலி விட்டுப்போன துயரத்தைப் பாடுவார். மற்றவர்கள் பின்னால் நின்று விரலைச் சொடுக்கிக்கொண்டு ‘டூ வாப், ஷூ வாப்’ என்று அவருக்கு ஆறுதல் சொல்வார்கள். எல்லாருக்கும் அடியில் ஒரு கட்டைக்குரல் ‘டும் டும் டும்’ என்று தூண்போல நிற்கும். அந்த நேரம் பார்த்து அவர்களுடைய தூணை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒருநாள் மெஷின் பழுதாகி நின்ற பிறகும் குசினிக்குள் இருந்து இரைச்சல் வந்துகொண்டே இருந்ததாம். என்னவென்று பார்க்க உள்ளே வந்த சிப்பாய்கள், அடுத்த கிழமையே அவருக்கு ஊதாக் கோட்டு மாட்டி மேடையில் நிறுத்திவிட்டார்கள்.

பிறகு முகாம் சுருங்கியது, சிப்பாய்கள் ஊருக்குப் போனார்கள். ஒருவர் மட்டும் இங்கே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டார். அவரை நாங்கள் நெட்டையன் என்போம். அவர்தான் முன்னால் நின்று பாடுகிறவர். ஒரு டிராம் ஓட்டுநரையும் ஒரு பேக்கரிக்காரரையும் சேர்த்துக்கொண்டு, குழு வைன் திருவிழா, வெள்ளிவிழாக் கல்யாணம் என்று பாடித் திரிந்தது.

“என்ன பாட்டு அண்ணை பாடுறியள்?” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“நான் எங்கையக்கா பாடுறன்? அவங்கள் பாடுறாங்கள். நான் அடியிலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்.”

அவர்கள் ஒரு சிடியும் போட்டார்கள். அதைக் கொண்டுவந்து என் வீட்டில் போட்டுக் காட்டினார். நெட்டையன் அழுகிறார், மற்றவர்கள் ஷூ வாப் என்கிறார்கள், இவரைக் காணவில்லை.

“இதிலை நீங்கள் எங்கை அண்ணை?”

“காதாலை கேளாதேங்கோ அக்கா. அந்த அலுமாரியைப் பாருங்கோ. கிளாசெல்லாம் நடுங்குதல்லோ? அதுதான் நான்.”

எங்கள் ஆட்களுடைய கல்யாணம் ஒன்றில், ஜெர்மன் மேடைகளில் பாடுகிறவர் வந்திருக்கிறார் என்று அவரை வருந்தி அழைத்து மைக்கைக் கொடுத்தார்கள். ‘டும் டும்’ என்றார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் நின்றார். மறுபடி ‘டும்’ என்றார். பேசாமல் நின்ற இடமெல்லாம் நெட்டையன் பாடுகிற இடமாம். அதை இவர் தொடமாட்டார். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்த தவில்காரர், “அண்ணை, சுருதி சேர்த்தது காணும். இனிப் பாட்டைத் தொடங்குங்கோவன்” என்றார்.

“பாட்டு முடிஞ்சுது தம்பி” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.

இப்போது படிக்கட்டுக்கு வருகிறேன். இங்கே ஸ்டுட்கார்ட்டில் ‘கேர்வோக்கே’, அதாவது கூட்டுகிற வாரம், என்று ஒரு வழக்கம் உண்டு. கட்டடத்தில் இருக்கிறவர்கள் கிழமைக்கு ஒரு வீடாகப் படிக்கட்டைக் கூட்டிக் கழுவ வேண்டும். யாருடைய முறையோ அவருடைய கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். டூவாப் பாடுகிறவர்களுக்குப் படிக்கட்டு என்றால் உயிர், அங்கேதான் குரல் முழங்கும். ஆனால் படிக்கட்டில் பாடக்கூடாது என்று வீட்டுச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. டும்டும் அண்ணை அந்தச் சட்டத்தை என்னிடம் கொண்டுவந்து விரித்தார்.

“கிழமைக்குக் கிழமை கழுவோணும் எண்டு இருக்கு. சத்தம் போடாமல் கழுவோணும் எண்டு எங்கையாவது இருக்கோ அக்கா?”

எனக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது. இல்லை என்றேன்.

“அப்ப சரி. உங்கடை முழங்கால் நோவுக்கும் படி கழுவுறது கூடாது. பலகையை என்னட்டைத் தாங்கோ.”

இப்படியே வீடு வீடாக எல்லாருடைய முறையையும் வாங்கிவிட்டார். டும் டும் என்று கூட்டுவார், டும் டும் என்று துடைப்பார். படிக்கட்டு பளிங்கானது. தபால்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறலாமோ என்று யோசித்து நிற்பதை நானே பார்த்தேன்.

தன் முறையைக் கொடுக்க மறுத்தவர் கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா ஒருவர்தான். நாங்கள் அவரை ‘ஃபிராவ்’ என்றே கூப்பிடுவோம். தனியாக இருக்கிறவர், ஓயாமல் சிகரெட் பிடிப்பார், பேசினால் பழைய லொறி ஸ்டார்ட் ஆவது போல இருக்கும். தன் கிழமையில் தானே கோபமாகக் கூட்டுவார். டும்டும் அண்ணையைப் பற்றி நிர்வாகத்துக்கு மாதம் தவறாமல் முறைப்பாடு எழுதுவார். இவரோ, “மனுசி கோவத்திலை கூட்டினாலும் தாளம் பிசகேல்லை அக்கா” என்று மெச்சுவார்.

போன வருடம் ஊதாக் கோட்டின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிவிடும்போது, அவருடைய தொண்டையில் ஒரு கட்டி தேவியின் விரலில் தட்டுப்பட்டது. வெட்டியே ஆகவேண்டும் என்றார் டாக்டர். வெட்டினால் குரல் பழையபடி வராமலும் போகலாம் என்றார். ஆஸ்பத்திரியில் வெட்டுவதற்கு நாள் குறித்து ‘டெர்மின்’ கொடுத்தார்கள். வைன் திருவிழா என்று இவர் அதைத் தள்ளிப்போட்டார். அடுத்ததற்கு யாருக்கோ வெள்ளிவிழா. மூன்றாவதற்கு மழை.

தேவி போட்ட சத்தம் எனக்குக் கீழே கேட்டது. “உங்களுக்குப் பாட்டு வேணுமோ, நான் வேணுமோ?”

“இஞ்சாரும், இதென்ன கேள்வி. கொஞ்சம் யோசிக்க விடுமன்.”

வேறொரு நாளென்றால் சிரித்திருப்பேன். அன்று தேவி என் குசினியில் வந்திருந்து அழுதாள். “பொல்லாத கட்டியாயும் இருக்கலாமாம் அக்கா. குரல் போனால், பிறகு தான் ஆரெண்டு கேக்குது மனுசன்.” தேத்தண்ணீர் மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் குப்பைப் பையோடு கதவைத் திறந்தால், படியில் ஃபிராவ் அண்ணையை மறித்துக்கொண்டு நிற்கிறார். எனக்குப் போகவும் கூச்சம், நிற்கவும் கூச்சம். அவர்கள் பேசிய ஜெர்மனை என் தமிழில் சொல்கிறேன்.

“உமக்குத் தொண்டையிலை கட்டியாம்.”

“ஓம்.”

“வெட்டாட்டில் செத்துப்போவீராம்.”

“போகவும் கூடும் எண்டுகினம்.”

“பதினொரு வருசமா உம்மைப் பற்றிக் கடிதம் எழுதுறன். ஒரு அலுமாரி நிறையக் கோப்பு கிடக்கு. நீர் செத்தால் நான் இனி ஆரைப் பற்றி எழுதுறது?”

“வெட்டினால் குரல் போயிடும், ஃபிராவ்.”

“போகட்டும். அதுக்கும் ஒரு கடிதம் எழுதுவம். நீர் ஆஸ்பத்திரியிலை போய்ப் படும். உம்மடை கிழமையளை நான் கூட்டுறன்.”

ஃபிராவ் மேலே ஏறிப் போய் அண்ணையின் கதவில் இருந்த பலகையைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். மனைவி கேட்டும் போகாத மனிதர் அடுத்த டெர்மினுக்குப் போனார்.

கட்டி பொல்லாதது இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் குரல்தான் போய்விட்டது. இரண்டு மாதம் காற்று மட்டும் வந்தது. பிறகு வந்த குரல் குருவிக்குரல். தொலைபேசியை எடுத்து ஹலோ என்றால், “தேவியக்கா, அண்ணை நிக்கிறாரோ?” என்று கேட்டார்கள். அதோடு தொலைபேசியையும் தொடாமல் விட்டார், வாசலுக்கும் வராமல் விட்டார். ஊதாக் கோட்டைத் தேவி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். ஃபிராவ் சத்தமில்லாமல் படி கூட்டினார். கட்டடமே செத்தவீடு போல இருந்தது.

ஒரு காலையில் நெட்டையனும் டிராம்காரரும் பேக்கரிக்காரரும் வந்து என் வாசலுக்கு நேரே படித்திருப்பத்தில் நின்றார்கள். மேலே பார்த்துப் பாடத் தொடங்கினார்கள். டும் வரவேண்டிய இடத்தில் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். மேலே கதவு திறக்கவில்லை. மறுபடி பாடினார்கள், மறுபடி காத்திருந்தார்கள்.

மூன்றாம் முறை அந்த இடம் வந்தபோது, கீழே இருந்து ஒரு லொறி ஸ்டார்ட் ஆனது.

‘டும் டும் டும்.’

கையில் படி கூட்டுகிற தும்புத்தடியோடு ஃபிராவ். பதினொரு வருடம் கோபத்தோடு கேட்டது முழுவதும் மனப்பாடமாக இருந்திருக்கிறது. பேக்கரிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். மேலே கதவு திறந்தது. சாரத்தோடும் சுவெட்டரோடும் டும்டும் அண்ணை எட்டிப் பார்த்தார்.

“ரெண்டாவது டும் பிந்துது, ஃபிராவ்” என்றார் அந்தக் குருவிக்குரலில்.

“பிந்தினால் நீர் வந்து பிடியும்.”

“எனக்கு இனி அடிக்கு இறங்க ஏலாது.”

நெட்டையன் விரலை மேலே காட்டினார். டூவாப்பில் எல்லாருக்கும் உயரே ஒரு மெல்லிய குரல் ‘ஊ’ என்று பறக்க வேண்டுமாம். அந்தக் குழுவில் அப்படி ஒருவர் ஒருநாளும் இருந்ததில்லை. அண்ணை படியின் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு வாயைத் திறந்தார். குரல் உடைந்தது. ஃபிராவ் கீழே டும் டும் என்று விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபடி உடைந்தது. நாலாம் முறை அது உடையாமல் மேலே போய் நின்றது, கூரை வரைக்கும். தேவி கதவடியில் நின்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நான் குப்பைப் பை ஏதுமில்லாமலே வெளியே வந்து நின்றேன்.

இப்போது குழுவில் ஐந்து பேர். ஊதாக் கோட்டுப் போட ஃபிராவ் மறுத்துவிட்டார். போன மாதம் புதிதாகக் குடிவந்த ஒருவர் நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறார். சத்தம் போடுகிறவர்கள் என்று அதில் எழுதியிருக்கும் முதல் பெயர் ஃபிராவினுடையதாம்.

நான் எழுதியதில் பிழைகள் இருக்கும். முகாமில் இருந்தவர்கள் எந்த வருடம் போனார்கள், கடிதம் எழுதியது பதினொரு வருடமா பன்னிரண்டா, அந்த உயரக் குரலுக்கு என்ன பெயர் என்றெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. ஸ்டுட்கார்ட்டில் இருக்கிற யாராவது தேவியைப் போய்க் கேட்டுத் திருத்திவிட வேண்டும். சனிக்கிழமை பத்து மணிக்கு மட்டும் போகாதீர்கள். அந்த நேரம் அண்ணை படியில் பாடுவார், நான் வாசலில் கதிரை போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.