குச்சி நானாவின் ஆப்

சிங்கப்பூரில் கைப்பேசியைக் குச்சியால் குத்தி வேலை வாங்கிய கடைசி மனிதர் எங்கள் குச்சி நானாதான். தேக்கா பக்கம் இருக்கும் எங்கள் மசாலா மொத்த வியாபார ஆபீசில், அவருடைய நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டுமே தெரியும்.

அவருடைய போன், ஸ்மார்ட்போன் புதிதாக வந்த நாளில் பிசினஸ்காரர்கள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த ரகம். அதற்குள் ஓடிய மென்பொருளைச் செய்த கம்பெனியே எப்போதோ கைகழுவிவிட்டது. புது ஆப் எதுவும் அதில் ஏறாது. சொன்னால், "நல்லதுதான லா! வைரசும் ஏறாது" என்பார். பாசிர் ரிஸ் முதல் சைனாடவுன் வரை ஆர்டர் எடுக்கக் கடை கடையாகப் போவார். போனிலிருந்து குச்சியை உருவி, "சொல்லுங்க, சீரகம் எத்தனை மூட்டை?" என்று அவர் நிற்கும் தோரணைக்கே கடைக்காரர்கள் வேண்டாத சோம்பையும் சேர்த்து வாங்கிவிடுவார்கள்.

அப்போதுதான் புது மேனேஜர் வந்தார். "திங்கள்ல இருந்து ஆர்டர் எல்லாம் ஆப்லதான். முடியாதவங்க கிடங்குல உக்காரலாம்."

நானா ஆடிப்போனார். கடை கடையாக டீயும் ஊர்வம்பும் இல்லாமல் அவருக்கு அரை நாள் ஓடாது.

"புதுப் போன் வாங்குங்க நானா" என்றேன்.

"குச்சிய எங்க வைக்கிறது?"

குச்சியோடு வரும் புதுப் போனையும் காட்டினேன். உருவிப் பார்த்துவிட்டு, "இது வேற குச்சி" என்று திருப்பிக் கொடுத்தார்.

வேறு வழியில்லாமல் அவர் பெயரில் என் போனில் ஆப்பைப் போட்டேன். அவர் கடையிலிருந்து கூப்பிடுவார். நான் ஆபீசில் உட்கார்ந்து தட்டுவேன். "தம்பி, மஞ்சள் ரெண்டு மூட்டை. அனுப்பு!" இரண்டு மாதம் யாருக்கும் தெரியாமல் ஓடியது.

ஒரு கூட்டத்தில் மேனேஜர் எழுந்தார். "தப்பே இல்லாம ஆர்டர் வர்றது நானாகிட்ட இருந்துதான். எப்படிப் பண்றீங்க, எல்லாருக்கும் காட்டுங்க நானா."

எனக்கு வியர்த்துவிட்டது. நானா நிதானமாக எழுந்து, குச்சியை உருவி, என் தோளில் குத்தினார்.

"மல்லி ஒரு மூட்டை. அனுப்பு."

ஆபீசே குலுங்கியது. முறைத்துக்கொண்டிருந்த மேனேஜரும் கடைசியில் சிரித்துவிட்டார். "சரி, ஆர்டர் வந்தா போதும். கிடங்கெல்லாம் வேணாம்."

போன வாரம் காய்ச்சலோடு பொங்கோலில் என் வீட்டில் படுத்திருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். கையில் ஆட்டுச் சூப்போடு நானா.

"ஆப் படுத்திருச்சுன்னாங்க. இன்னிக்குக் கடைப்பக்கமே போகல லா" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அவருடைய போனுக்கு அந்தக் கம்பெனி சப்போர்ட்டை நிறுத்திவிட்டது. எனக்கு அந்த மனசு வராது.