தலையணைக்கடியில் ஒரு சாவி

ஜூலை முதல் தேதி கைரவான் நகராட்சி அலுவலகம் கோடை நேரத்துக்கு மாறியது. காலை ஏழரைக்குத் திறந்து மதியம் ஒன்றரைக்கே மூடிவிடுவார்கள். அதன்பிறகு ஊரே சாப்பிட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஐந்து மணிவரை படுத்துக் கிடக்கும். அந்த முதல் நாள் மதியம், கூஸ்கூஸ் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி தௌஃபீக் ஒரு முடிவெடுத்தார். இனி இந்த வீட்டில் யார் வாயிலும் எந்தத் திருகும் திரும்பக் கூடாது.

முடிவெடுப்பது அவருக்குப் புதிதல்ல. மற்றவர்கள் போட்ட கையெழுத்து உண்மைதான் என்று பார்த்து முத்திரை குத்துவது அவர் வேலை. இருபது வருஷமாகக் குத்திக்கொண்டிருக்கிறார். அவர் முத்திரை விழாமல் அந்த வட்டாரத்தில் ஒருவன் வீடு விற்க முடியாது, கார் வாங்க முடியாது. வீட்டிலும் அப்படித்தான் என்று நம்பியிருந்தார். அவர் மனைவி நஸீஹா கல்யாணமான பதினோரு வருஷத்தில் அந்த நம்பிக்கையை ஒருநாள்கூடக் கலைத்ததில்லை. எதிர்த்துப் பேசாத மனைவி வாய்த்தது தன் அதிர்ஷ்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

விவகாரம் இதுதான். அவர்களுடைய ஒரே மகள் ஷீராஸுக்கு ஏழு வயது. வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள். குறட்டை வரும். திடீரென்று குறட்டை நின்றுபோகும், மூச்சும் நின்றுபோகும். கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இருக்காது. பிறகு உடம்பு தூக்கிப்போட, தண்ணீரிலிருந்து எழுந்தவள்போல் மூச்சை இழுப்பாள். நாலு வயதில் நின்ற படுக்கை நனைப்பு மறுபடி வந்துவிட்டது. வகுப்பில் மேஜைமேல் தலைசாய்த்துத் தூங்குகிறாள், பிள்ளை மந்தம் என்று ஆசிரியை எழுதி அனுப்பினார். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நஸீஹா ஒருநாள் முழுக்க அழுதாள். மறுநாள் அழுகையை நிறுத்திவிட்டு மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினாள்.

தொண்டை டாக்டர் பார்த்தார், தூக்கத்தைச் சோதித்தார், பல் டாக்டரிடம் அனுப்பினார். தௌஃபீக் சிரித்தார். தூக்கம் கெட்டதற்குப் பல் டாக்டர் என்றால், கால்வலிக்கு முடிவெட்டுகிறவனிடம் போகவேண்டியதுதானே என்று கேட்டார். ஆனால் பல் டாக்டர் உல்ஃபா சிரிக்கவில்லை. ஷீராஸின் மேலண்ணம் குறுகி, கூம்புபோல மேலே ஏறியிருக்கிறது என்று கண்ணாடியில் காட்டினார். வாய்க்குக் கூரையாக இருப்பதுதான் மூக்குக்குத் தரை, அது குறுகினால் காற்று போக வழியில்லை என்றார். இந்த வயதில் அந்த எலும்பு நடுவில் இன்னும் இறுகியிருக்காது, மெல்ல அகலப்படுத்திவிடலாம். கடைவாய்ப் பற்களில் ஒரு தகட்டைப் பொருத்தினார். தகட்டின் நடுவே சின்னத் திருகு. அதைத் திருப்ப ஒரு கம்பிச் சாவி கொடுத்தார். வீட்டிலேயே தினம் ஒரு திருப்பு, மொத்தம் இருபத்தெட்டு நாள்.

முதல் நாள் ஷீராஸ் மூக்குத்தண்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டாம் நாளும் அழுதாள். மூன்றாம் நாளும் அழுதாள்; அன்றுதான் ஜூலை முதல் தேதி. மகள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தால் தௌஃபீக்குக்குத் தாங்காது. மற்ற நியாயங்களையெல்லாம் அவர் பிறகுதான் சேர்த்துக்கொண்டார். கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

"எதுக்குங்க?"

"குடுன்னா குடு. புள்ள அழுறதப் பாத்துக்கிட்டு என்னால சாப்பிட முடியாது. எங்க பாபா குறட்ட விட்டாரு, நான் விடுறேன், இவ விடுறா. இது எங்க குடும்பத்துச் சொத்து. அதுக்குப் போயி வாயில இரும்பா?"

"அவளுக்கு மூச்சு நிக்குதுங்க."

"நின்னா வரும். எனக்கு வரலையா?"

நஸீஹா சாவியை அவர் கையில் வைத்தாள். "சரிங்க" என்றாள். அந்தச் 'சரிங்க'வைக் கேட்டதுமே அவர் பயந்திருக்க வேண்டும்.

இருபத்தேழாம் தேதி டாக்டரைப் பார்க்க வரச்சொல்லியிருந்தார்கள். அன்று தானே நேரில் போய்த் தகட்டைக் கழற்றிவிடச் சொல்வது என்று தௌஃபீக் தீர்மானித்தார். அதுவரை சாவியை எங்கே வைப்பது? வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் நஸீஹாவுக்கு அத்துப்படி. யோசித்து யோசித்து, அவள் கை எட்டாத ஒரே இடத்தைக் கண்டுபிடித்தார். வெளியே போகும்போது சட்டைப்பையில். படுக்கும்போது தன் தலையணைக்கடியில், தன் தலையின் பாரத்துக்கு அடியில். எழுந்ததும் முதல் காரியமாகத் தடவிப் பார்ப்பார். வைத்த சாவி வைத்த இடத்தில் இருக்கும்.

இரண்டாவது வாரம் ஷீராஸின் குறட்டை தணிந்தது. மூன்றாவது வாரம் படுக்கை நனையவில்லை. மதியம் அப்பாவுக்கு முன்னாலேயே எழுந்து, முகம் தெளிந்து, முற்றத்தில் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தாள். கடைத்தெருவில் அவர் கையைப் பிடித்து நடந்தவள், கண்ணில்பட்ட பலகையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். மந்தம் என்று எழுதிய ஆசிரியையைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று அவருக்கு இருந்தது.

அப்புறம் ஒருநாள் அவள் சிரித்தபோது அதைப் பார்த்தார். மேலே இரண்டு முன்பற்களுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. அதில் ஒரு தர்பூசணி விதை சிக்கிக்கொண்டிருந்தது. தௌஃபீக் பூரித்துப்போனார். முன்பல் இடைவெளி என்றால் அந்த ஊரில் அழகு, அதிர்ஷ்டம். பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். சூஸாவில் இருக்கும் அவர் அக்கா மனூபியாவுக்கு அப்படித்தான், அந்தப் பல்லுக்காகவே மூன்று வீட்டிலிருந்து கேட்டு வந்தார்கள். உடனே அக்காவுக்குப் போன் போட்டு, நம்ம ரத்தம் தலைகாட்டிருச்சு என்றார். மனூபியா அந்தப் பக்கம் ஆனந்தத்தில் அழுதாள். மறுநாள் அலுவலகத்தில் கையெழுத்துக்காக வந்து நின்றவர்களுக்கெல்லாம் அவர் இதைச் சொல்லி முடித்த பிறகுதான் முத்திரை விழுந்தது.

"பாத்தியா, இரும்ப நிறுத்தினேன். தூக்கமும் சரியாச்சு, அழகும் வந்திச்சு" என்றார் நஸீஹாவிடம்.

"ஆமாங்க."

"இனி உன் டாக்டரம்மா என்ன சொல்லுவா?"

"நீங்களே வந்து கேளுங்க."

அந்த மாதம் அவருக்கு ஒரே ஒரு குறை. நாலைந்து மதியம், நல்ல தூக்கத்தில் நஸீஹா அவர் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பிவிட்டாள். நெஞ்சு படபடக்க, வேர்த்துப்போய் எழுவார். ஏதோ கனவு கண்டு முனகினீர்கள் என்பாள். மனுஷனை நிம்மதியாகத் தூங்கவிட மாட்டாயா என்று வாயில் வந்தபடி திட்டுவார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இருபத்தேழாம் தேதி தௌஃபீக் இஸ்திரி போட்ட சட்டையில் போனார். டாக்டர் உல்ஃபா வாயைத் திறக்குமுன் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"டாக்டர், இந்தச் சாவி இருபத்தாறு நாளா என்கிட்டதான் இருக்கு. மூணு திருப்புக்கு மேல நடக்கல. புள்ள தானாவே சரியாயிட்டா. தகட்டக் கழட்டிருங்க."

டாக்டர் நஸீஹாவைப் பார்த்தார். நஸீஹா ஜன்னலைப் பார்த்தாள். டாக்டர் ஷீராஸை நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, திருகின்மேல் சின்ன அளவுகோலை வைத்துப் பார்த்தார்.

"இருபத்தெட்டு திருப்பு. ஒருநாள்கூட விட்டுப்போகல" என்றார். "முன்பல்லுல இந்த இடைவெளியப் பாத்தீங்களா சார்?"

"அது எங்க அக்காவுக்கும்..."

"அது எலும்பு விலகினதுக்கு அடையாளம். திருகு திரும்பலேன்னா வராது. கவலப்படாதீங்க, ரெண்டு மூணு மாசத்துல தானா மூடிக்கும்."

எலும்பு நன்றாக இறுகும்வரை இன்னும் ஆறு மாதம் தகடு உள்ளேயே இருக்கவேண்டும் என்றும் சொன்னார். தௌஃபீக்கின் காதில் அது விழவில்லை. மனூபியாவை நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் திரும்பி, இன்னொரு சாவி எங்கே வைத்திருந்தாய் என்று மனைவியைக் கேட்டார்.

"இன்னொரு சாவி ஏதுங்க? இதே சாவிதான். உங்க தலகாணிக்கடியிலேருந்து எடுத்தேன், திருப்பிட்டுத் திரும்ப வச்சேன்."

"என் தல அதுமேலதானே இருந்திச்சு?"

நஸீஹாவின் குரல் தணிந்தது.

"உங்களுக்கும் மூச்சு நிக்குதுங்க. நிக்கிறப்ப கை வைக்க மாட்டேன், அடுத்து திணறி முழிச்சுருவீங்க. மூச்சு திரும்பி வந்து ரெண்டு குறட்ட போச்சுன்னா, தலையவே தூக்கினாலும் உங்களுக்குத் தெரியாது. அப்பத்தான் எடுப்பேன். சில நாளு நின்ன மூச்சு வரவே மாட்டேன்னுச்சு. எண்ணிக்கிட்டே உக்காந்திருப்பேன். என்னால தாங்க முடியலேன்னா சாவிய விட்டுட்டு உங்களத்தான் உலுக்குவேன். நீங்க திட்டிட்டு மறுபடி தூங்கினப்புறம்தான் சாவி."

தௌஃபீக் தலையைக் குனிந்துகொண்டார். திட்டிய நாலைந்து மதியங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அந்தத் தண்ணீர்க் குவளைகளும் வந்தன. அவருக்குக் கண் கலங்கியது. ஷீராஸ் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அப்புறம் வலிக்கவே இல்ல பாபா. சத்தம் போடாம அழாம இருந்தா உம்மா தர்பூசணி குடுத்தாங்க."

டாக்டர் வேறொரு தாளை எடுத்து, அதில் பெயர் எழுத ஆரம்பித்தார். பெயர் ஷீராஸினுடையது அல்ல.

அக்டோபர் வந்தது. ஷீராஸின் முன்பற்கள் சேர்ந்துவிட்டன. அதை மனூபியாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. வகுப்பில் ஷீராஸ் ஓயாமல் பேசுகிறாள் என்று புது ஆசிரியை எழுதி அனுப்பியிருந்தார். நஸீஹா அந்தக் காகிதத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தாள். தூக்கச் சோதனையெல்லாம் முடிந்து தௌஃபீக்குக்கும் தகடு வந்தது. படுக்கும்போது போட்டுக்கொண்டால் கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும். பக்கத்துக்கு ஒரு திருகு. கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க, ஒரு சின்னச் சாவி.

முதல் முறை முடுக்கவேண்டிய இரவு, தாடை வலிக்குமோ என்று அவருக்கு உள்ளுக்குள் உதறல். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தார். அதற்குமுன் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினார். நஸீஹாவைக் கேட்டார். அவள் மாதுளை உரித்துக்கொண்டே உள்ளறையைக் காட்டினாள். அங்கிருந்து ஷீராஸ் ஒரு கையில் தன் தலையணையும் மறு கையில் அதன் அடியிலிருந்து எடுத்த சாவியுமாக வந்து எதிரே நின்றாள்.

"வாயத் திறங்க பாபா. அழுதா மாதுளம்பழம் கிடையாது."