பெயிண்ட் டின் துரை

நாடு சுதந்திரம் வாங்கிய மெர்டேக்கா நாளில், இந்த வருஷம் என் வீட்டுக்கும் வாங்கியே தீருவது என்று சபதம் எடுத்தேன். சத்தமாக எடுக்கவில்லை. தனேஸ்வரி குசினியில்தான் இருந்தாள்.

தனேஸ்வரி என் மனைவி. நான் புனிதன். பெயரை நம்பி ஏமாற வேண்டாம். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். அங்கே நான் கை காட்டினால் ஃபோர்க்லிஃப்ட் நிற்கும். புக்கிட் செந்தோசாவில் இருக்கும் என் வீட்டில் நான் கை காட்டினால் மின்விசிறிகூட நிற்காது.

அலமாரியில் எனக்கு ஒரே ஒரு தட்டு. அதிலும் பாதி அவளுடைய ரவிக்கைத் துணி. கார் நிற்க வேண்டிய போர்ச்சில் பூச்சட்டிகள், ஆட்டுக்கல், அவள் தம்பி கொண்டுவந்து போட்ட கிழிந்த சோபா. எங்கள் வாசலுக்கு நேரே லைட் போஸ்ட், அதனால் ரோட்டோரத்திலும் வழியில்லை.

ஆகவே பக்கத்து வீட்டு அன்னம்மா அக்கா வாசலில் காரைப் போட ஆரம்பித்தேன். அங்கே ஒரு மரம், அருமையான நிழல். அக்கா தனியாள், காரும் கிடையாது. வேறு எவனாவது வந்து நிறுத்திவிடக் கூடாதே என்று இரண்டு பெயிண்ட் டின்னில் சிமெண்டு ஊற்றி, நடுவில் ஆளுயரத்துக்கு பிவிசி குழாய் நட்டு, கார் வெளியே போகும்போதெல்லாம் அந்த இடத்தில் வைத்துவிடுவேன். எங்கள் தாமான் குடியிருப்பில் இது எல்லாரும் செய்கிற வேலைதான். என்ன, மற்றவர்கள் அவரவர் வாசலில் வைப்பார்கள்.

ஒரு நாள் அக்கா வேலியோரம் வந்து நின்றார்.

"தம்பி, என்னை டயாலிசிஸுக்கு ஏத்திட்டுப் போற வேன் வாசல்ல நிக்க முடியலையாம்லா. டிரைவர் என்னை முச்சந்திக்கு நடந்து வரச் சொல்றான்."

"நடந்தா உடம்புக்கு நல்லதுக்கா," என்றேன்.

சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

அன்று தனேஸ்வரி பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சமாச்சும் வெக்கமா இல்ல உங்களுக்கு? அக்கா முகத்துல முழிக்கவே முடியல."

"ரோடு என்ன அவங்க பேர்லயா இருக்கு?"

"அப்ப உங்க பேர்ல இருக்கா?"

"அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கி சுத்தமா வச்சிருக்கிறதே நான்தான்!"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுபடி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் அவள் வாயை மூடினால் என்ன அர்த்தம் என்று தெரியாத மண்டு நான் ஒருவன்தான்.

அடுத்த வாரம் தாமான் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் நடராஜா வந்தார்.

"புனிதன், மெர்டேக்கா அன்னைக்கு பாலாய் ராயா மண்டபத்துல நீங்க பேசணும். காலனித்துவம்னா என்ன, அந்த வார்த்தையை இன்னைக்கு நாம எப்படியெல்லாம் புழங்குறோம்னு எளிமையா சொல்லுங்க."

"நானா? எனக்கென்ன தெரியும்?" என்று அடக்கமாகக் கேட்டேன். உள்ளுக்குள் அப்போதே மாலை விழுந்துவிட்டது.

"உங்களை விட்டா ஆளே இல்லன்னு சொல்றாங்க."

யார் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கலாம். புகழ்ச்சி காதில் விழும்போது யார் கேட்பார்கள்?

எனக்கோ தலைப்பைக் கேட்டதுமே உடம்பெல்லாம் சிலிர்த்தது. காலனித்துவம்! என் அலமாரியில் நடப்பது அதுதானே? என் போர்ச்சில் நடப்பது அதுதானே? பெயர் சொல்லாமல் மேடையில் ஒரு வாங்கு வாங்கிவிட வேண்டியதுதான். தனேஸ்வரி முன்வரிசையில் உட்கார்ந்து நெளிய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சோபாவை வெளியே தூக்கிப் போட வேண்டும். இதுதான் திட்டம்.

அவளிடமே பேசிக் காட்டினேன். எவ்வளவு தைரியம் பாருங்கள்.

"ஏகாதிபத்திய வல்லரசுகள் தம் ஆளுகையின் எல்லைகளை..."

"ஐயோ, போதும். அன்னம்மா அக்காவுக்குப் புரியுமா இது? வீட்டுல பேசுற மாதிரி சொல்லுங்க."

"சரி. அடுத்தவங்க இடத்துல ஒருத்தன் கேக்காம நுழையறான்."

"ம்."

"அங்க ஒரு அடையாளம் வைக்கிறான்."

"என்ன அடையாளம்?"

"கொடியோ, கல்லோ, ஏதோ ஒண்ணு."

"ஏதோ ஒண்ணு," என்று அவளும் சொல்லிக்கொண்டாள். "இப்ப நல்லாப் புரியுது. ஆனா அலமாரி, சோபான்னு எல்லாம் உதாரணம் சொல்லாதீங்க, மானம் போயிடும். வீடு, வாசல்னு பொதுவா சொல்லுங்க."

பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். பாவம் என்று விட்டுக்கொடுத்து, வாசல் என்றே மாற்றிக்கொண்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. பின்னால் மீ கோரேங் நூடுல்ஸ் வாசனை. முன்வரிசையில் தனேஸ்வரி, பக்கத்தில் அன்னம்மா அக்கா. மைக்கைப் பிடித்தேன்.

"காலனித்துவம் கப்பல்லதான் வரணும்னு இல்லைங்க! பக்கத்திலேருந்தும் வரும்! சிரிச்சுக்கிட்டே வரும்! உங்க வாசல்ல கொஞ்சம் இடம் எடுக்கும். அப்புறம் ஒரு அடையாளம் வைக்கும். இது எங்க இடமாச்சேன்னு நீங்க கேட்டா, 'நான்தானே சுத்தமா வச்சிருக்கேன்'னு சொல்லும்! கஷ்டமா இருக்குன்னு சொன்னா, 'எல்லாம் உன் நல்லதுக்குத்தான்'னு சொல்லும்!"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பின்வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் நகைச்சுவைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். தனேஸ்வரியைப் பார்த்தேன். நெளியவில்லை. ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று நடராஜா கேட்டார்.

தனேஸ்வரி கையைப் பிடித்துக்கொள்ள, அன்னம்மா அக்கா மெதுவாக எழுந்தார்.

"தம்பி, எவ்வளவு பெரிய வார்த்தை, அழகா உடைச்சுச் சொல்லிட்டீங்க. ஒரே ஒரு சந்தேகம். கொடிக்குப் பதிலா பெயிண்ட் டின்னு வச்சாலும் இதே பேருதானா?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. கூரையே பறந்தது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பதிலுக்காக நாற்காலியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கலும்பாங் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் கார் வந்தால் என் தாத்தா சைக்கிளை விட்டு இறங்கிச் சாக்கடைக் கானோரமாக ஒதுங்கி நிற்பாராம். அவர் பேரன் நான், ரத்தம் சுத்தம் செய்யப் போகிற ஒரு வயசான மனுஷியை முச்சந்தி வரைக்கும் நடக்கவிட்டிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஆமாக்கா," என்றேன். "இதே பேருதான்."

வீட்டுக்கு வந்ததும், தெருவே வேடிக்கை பார்க்க, டின் இரண்டையும் நானே உருட்டிக்கொண்டு வந்தேன். தனேஸ்வரி மீ கோரேங் பொட்டலத்தோடு வாசலில் நின்றாள்.

"நடராஜாகிட்ட என் பேரைச் சொன்னது நீதானே?"

"தலைப்பைச் சொன்னதும் நான்தான்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரி! அப்ப உனக்கும் அதே சட்டம்தான். போர்ச்சைக் காலி பண்ணு!"

"சரிங்க," என்றாள்.

மறுநாளே காலி செய்தாள். சோபா போனது. பூச்சட்டிகள் சுவரோரம் ஒதுங்கின. கண்ணில் நீர் வராத குறை. காரை உள்ளே விடச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அன்னம்மா அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க," என்றாள் தனேஸ்வரி, கல்யாணப் பெண் குரலில். "கேக்காம எடுத்தாதானே தப்பு? அதான் கேக்கறேன். டின்னு ரெண்டையும் போர்ச்சுக்குள்ள வச்சு ஒரு துணிக்கொடி கட்டிக்கட்டுமா? அக்கா வீட்டுப் பின்பக்கம் வெயிலே வரல. அவங்க துணியும் சேத்துத்தான்."

அக்கா என் வாயையே பார்த்தார். நான் என்ன சொல்ல முடியும், சொல்லுங்கள்?

"கட்டிக்கோ."

இப்போது என் கார் முச்சந்தியில் வெயில் காய்கிறது. தினமும் காலையில் அதுவரை நடக்கிறேன். நேற்று போகும்போது வேன் அக்கா வாசலிலேயே, மர நிழலில் சொகுசாக நின்றது. ஜன்னல் வழியே அக்கா எட்டிப் பார்த்தார்.

"நடந்தா உடம்புக்கு நல்லதுலா, தம்பி."