வழியனுப்ப வந்த வேன்கள்

விமானத்திலிருந்து மூன்றே பேர்தான் இறங்கினார்கள். அதில் ஒருத்தி அருணா. கல்யாணமாகி எட்டு மாதமே ஆன புருஷன் திருமுருகன் அவளைப் பார்த்துச் சிரிப்பதற்குள், கவுன்ட்டரில் இருந்த வெண்ணிலா கூப்பிட்டாள்.

“சார், அடுத்த மாசத்தோட இந்த பெங்களூரு சர்வீஸ நிறுத்தப் போறாங்களாம். சீட்டே நிரம்ப மாட்டேங்குது.”

திருமுருகன் கவுன்ட்டருக்கு ஓடினான். அவனுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கும் மில். அருணாவுக்கு பெங்களூரில் பேங்க் வேலை. நம்மூர் சின்ன ஏர்போர்ட்டில் இந்தக் குட்டி விமானம் ஒன்று வந்து இறங்கப் போய்த்தான் சனிக்கிழமைதோறும் அவன் குடும்பம் நடத்தினான்.

“பஸ்ல வந்தா இடுப்பு உட்டுப்பூடுதுங்க. பிளைட்டு இல்லேன்னா மாசத்துக்கு ஒரு தபாதான் வருவேன்,” என்று அருணா கறாராகச் சொல்லிவிட்டாள்.

“நிறுத்திடுவாங்களா? நானும் பாக்கறேன்,” என்றான் திருமுருகன்.

மறுநாளே கண்டாச்சிபுரத்துக்குப் போய்ச் சித்தப்பா வெங்கடாசலத்தைப் பிடித்தான்.

“பெங்களூருல எனக்கு இன்னாடா வேல?”

“வேலையே வோணாம் சித்தப்பா. போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்க. டிக்கெட்டு என்னுது.”

சித்தப்பா சம்மதித்தார். ஆனால் நம் பக்கத்தில் முதல்முறையாக விமானம் ஏறுகிற மனுஷனை யாராவது தனியாக அனுப்புவார்களா? ஒருவர் பறக்க, வழியனுப்ப மூன்று வேன் வந்தது. மாலை, சந்தனம், ஆரத்தி எல்லாம் உண்டு. வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போனதைக் காவலர் தடுக்க, சகுனம் சரியில்லை என்று சித்தப்பா மறுபடியும் வேனில் ஏறிக்கொண்டார். அவரை இறக்கி, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துத் திரும்பக் கிளப்புவதற்குள் திருமுருகனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

ஜன்னலோரம் உட்கார்ந்து சித்தப்பா அனுப்பிய போட்டோ முகையூர் வரைக்கும் போனது. அங்கே அவருடைய சம்பந்தி நடராசன் கொதித்தார்.

“அவுரு மட்டும்தான் பறப்பாரா? நாங்க இன்னா கொறைஞ்சு பூட்டோம்?”

அவருக்கு ஆறு வேன். அதற்கடுத்தவர் விழுப்புரத்திலிருந்து பேண்டு செட்டே கொண்டுவந்தார். யார் எங்கே போகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எத்தனை வேன் என்பதுதான் பேச்சு. அவனவன் சொந்தக் காசில் டிக்கெட் போட ஆரம்பித்தான். விமானம் நிரம்பி வழிந்தது.

அருணாவிடமிருந்து போன் வந்தது.

“ஏங்க, இந்த வாரம் டிக்கெட்டு கிடைக்கல. உங்க அத்தை, சித்தி, மில்லு மேஸ்திரி எல்லாம் திரும்பி வர்றாங்களாம். நான் பஸ்லதான் வர்றேன்.”

“கொஞ்ச நாளு பொறுத்துக்கோ அருணா. சர்வீஸ் நின்னுட்டா காலத்துக்கும் பேஜாரு.”

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவள் ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகும் வரை அவனோடு பேசவில்லை. திருமுருகனுக்கு அழுகையே வந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை.

மாதக் கடைசியில் விமானக் கம்பெனி மேனேஜர் சகாயராஜ் ஏர்போர்ட்டை நேரில் பார்க்க வந்தார். வேன் நெரிசலில் கார் நகராமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார்.

“இவ்ளோ கூட்டமா? இதுல பயணிங்க யாரு, சும்மா வந்தவங்க யாரு?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். விமானம்தான் நிறைந்திருக்கிறதே. பயந்துபோயிருந்த திருமுருகனோ ஒரேயடியாகப் புளுகிவிட்டான்.

“எல்லாருமே பயணிங்கதான் சார். சீட்டு கிடைக்காம வெயிட் பண்ணிக்கினு இருக்காங்க.”

“ஆமாங்க, மூணு வாரமா நிக்கறோம்,” என்று சித்தப்பாவும் ஒத்து ஊதினார்.

சகாயராஜ் கண்கலங்கிப் போய் பெங்களூருக்கு போன் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை வெண்ணிலா வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

“சார், சர்வீஸ நிறுத்தல. உங்க ஊருக் கூட்டத்தப் பாத்துட்டு, இத்தவிட அஞ்சு மடங்கு பெரிய விமானமாவே குடுத்துட்டாங்க.”

திருமுருகன் ஓடிப்போய் மைசூர்பாகு வாங்கி வந்தான். பூசணிக்காயைத் தடுத்த காவலர் வாயிலும் ஒன்றைத் திணித்தான். அருணாவை போனில் கூப்பிட்டான்.

“இனிமே உனக்கு சீட்டு இல்லேன்ற பேச்சே கிடையாது.”

பல நாள் கழித்து அவள் சிரித்தாள். அதைக் கேட்டதும் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. போனை வைக்காமலே வெண்ணிலாவிடம் கேட்டான்.

“எந்த வாரத்துல இருந்தும்மா இங்க எறங்கும்?”

மைசூர்பாகை மென்றுகொண்டே அவள் சொன்னாள்: “இங்க எப்படி சார் எறங்கும், அவ்ளோ பெரிய விமானத்துக்கு நம்ம ரன்வே பத்தாதே, இனிமே எல்லாம் சென்னையிலதான்.”