தின்னர் போட்டுத் துடைத்த தட்டு

எனக்கு ஒரு விஷயம் சுத்தமாகத் தெரியாத வரைக்கும் யாருக்கும் ஆபத்தில்லை. அரைகுறையாகத் தெரிந்துவிட்டால்தான் வீட்டில் இருப்பவர்கள் உஷாராக இருக்க வேண்டும்.

மாமியார் இறந்து நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து, பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவருடைய சாமான்களைப் பிரித்தபோது என் மனைவி பர்வீன் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்று, நீலப் பூப்போட்ட ஒரு பீங்கான் தட்டு.

"எங்க நன்னா, அம்மாவோட அப்பா, ரங்கூன்லேர்ந்து கொண்டாந்தது. அம்மாவே சொல்லியிருக்காங்க," என்றாள்.

"ரங்கூனாவது! பல்லாவரம் சந்தையில வாங்கியிருப்பாங்க," என்றார் அவள் அண்ணன் சலீம். (அவர் எதைச் சொன்னாலும் எனக்கு எதிர்த்துப் பேசத் தோன்றும். பதினெட்டு வருட வியாதி.)

பழைய பீங்கானைப் பற்றி முந்தைய வாரம்தான் மூன்று வீடியோ பார்த்திருந்தேன்.

"பூவைப் பாத்து வயசு சொல்ல முடியாது மச்சான். அடியில கம்பெனி முத்திரை இருக்கும். அதான் ஜாதகம்."

தட்டைக் கவிழ்த்தேன். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக மூன்று புள்ளி, பக்கத்தில் ஒரு சுழி. எவனோ பெயின்ட் சிந்தியிருக்கிறான் என்று நிபுணர் முடிவு செய்தார். அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த பர்வீனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது மீந்த தின்னரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், தட்டின் அடியைப் பளபளவென்று துடைத்துக் கொண்டுவந்தேன். முத்திரை தெரிந்தது. பெருமையாகச் சத்தம்போட்டு வாசித்தேன்.

"மைக்ரோவேவ் சேஃப்."

வாசித்த பிறகுதான் அர்த்தம் உறைத்தது.

"ரங்கூன்ல அப்பவே மைக்ரோவேவ் இருந்துச்சா மாப்ளே?" என்றார் சலீம். நாற்பது நாளில் அந்தக் குடும்பம் முதல்முறையாகச் சிரித்தது. பர்வீனும் சிரித்தபடி டீயோடு வந்தாள். தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தச் செவப்பு எங்கங்க?"

"தொடைச்சிட்டேன்."

"அது அம்மா போட்டதுங்க."

மாமியார் வீட்டுத் தெருவில் விருந்தென்றால் வீட்டுக்கு வீடு தட்டுகள் போய்வரும். மாறிப்போகாமலிருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் ஓர் அடையாளம். எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வர், பெயரே வெட்டியிருக்கும். பீங்கானில் எப்படி வெட்டுவார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. தொழுகைக்குக் கை கழுவும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டுமென்று ஒருநாளும் சாயம் பூசாத மாமியார், இதற்கென்றே ஒரு பாட்டில் நெயில் பாலிஷ் வைத்திருந்தாராம். எழுதப் படிக்கத் தெரியாதவர். அடையாளம் போட்ட மற்ற தட்டுகளை அவருடைய அனகாபுத்தூர் வீட்டிலிருந்து வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அவர் கைப்படப் போட்டதில் மிஞ்சியிருந்தது அந்தச் சுழி ஒன்றுதான். அதற்காகத்தான் பர்வீன் அந்தத் தட்டைக் கேட்டிருக்கிறாள். ரங்கூனெல்லாம் அண்ணனுக்குச் சொன்ன காரணம்.

அவள் என்னைத் திட்டவில்லை. மன்னிப்புக் கேட்கலாமென்றால் கேட்க வேண்டியவரும் இல்லை.

இப்போதும் எந்த வீட்டு விசேஷத்தில் எந்தப் பழைய சாமானைப் பார்த்தாலும், "மாப்ளே, மைக்ரோவேவ்ல வைக்கலாமான்னு பாத்துச் சொல்லுங்க," என்பார் சலீம். எல்லோரும் சிரிப்பார்கள். பர்வீனும் சிரிப்பாள். எங்கள் வீட்டு விருந்தென்றால், சாப்பிட்டு முடிந்து நான் தட்டுகளைக் கழுவ எடுத்துப் போகும்போது, அந்த நீலப் பூத் தட்டை மட்டும் அடுக்கிலிருந்து உருவிக்கொள்வாள்.